அக்கரையிலிருந்து ஒரு பதில்

பதில் உடனே வந்துவிட்டது. அதுதான் நர்ஸம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

வழக்கமாக இவள் கரையில் நின்று "வரலாமா?" என்று குரல் கொடுத்தால், அக்கரையில் காத்திருக்கும் மகள் முதலில் ஒரு பாட்டம் திட்டுவாள். "இவ்வளவு நேரமா? சோறு ஆறிப்போச்சு" என்று அலுத்துக்கொண்ட பிறகே "வா" என்பாள். இன்று வெறும் "வா" மட்டும் வந்தது.

ஓடை வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். ஆனால் மேலே எங்கேயாவது மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்து நிற்கும். வெள்ளம் வருவதை இறங்கியவர் கண்ணுக்கு ஓடையின் வளைவு மறைத்துவிடும். மேட்டில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அதனால் யாராக இருந்தாலும் எதிர்க்கரையைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். மகளுக்கு நடை பழகும்போதே இதையும் பழக்கியிருந்தாள். போன மழைக்குத் தபால்காரர் கேட்காமல் இறங்கினார். சைக்கிள் மட்டும்தான் கிடைத்தது.

'அவளுக்கும் அலுப்பாக இருக்கும், பாவம்' என்று நினைத்துக்கொண்டு நர்ஸம்மா இறங்கினாள். நாள் முழுக்கத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததில் முழங்கால் உயிரை எடுத்தது. யோசிக்கக்கூடத் தெம்பில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஒரு சொட்டு மழையில்லை, ஆனாலும் மணல் ஈரமாக இருந்தது. அழுகிய இலையும் சேறும் கலந்த வெள்ள வாடை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் மணல் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.

நடு ஓடையில் விடவில்லை.

"வா."

இப்போது பக்கத்தில். மிகப் பக்கத்தில். காலுக்கு அடியில்.

இழுத்துப் பார்த்தாள். கணுக்கால் போனது. பிறகு முழங்கால். பெட்டி கையிலிருந்து நழுவியது.

எதிர்மேட்டில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. மகள் மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறியாம்மா? கடைக்குப் போயிட்டு இப்பதான் வர்றேன்."

அப்படியானால் முதலில் பதில் சொன்னது யார்?

"ஏன் நடுவுலேயே நிக்கிற? முட்டி வலிக்குதா? நான் வரலாமா?"

வராதே. வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டை முழுக்க ஈர மணல்.

மணலுக்கு அடியிலிருந்து பதில் போனது. நர்ஸம்மாவின் குரல்தான். அதே அலுப்பு.

"வாடி."

டார்ச் வெளிச்சம் ஆடி ஆடிக் கரையிறங்கியது.