பதினைந்தாவது நகல்

நகல் எடுத்து வைத்த கோப்பு தானாக வளராது. பதினாறு வருடமாகக் கூடலூர் பஜாரில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஜஸ்டஸுக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை காலை, வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஏழாம் நம்பர் கணினியில் இருந்த இமேஜ் சனிக்கிழமை பார்த்ததைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பதினான்கு கணினிகளிலும் பழையதை அழித்து, புது நகல் போட்டு, கதவைப் பூட்டியவன் அவன்தான். ஞாயிறு முழுக்க மழை. பஜாரில் கரண்டே இல்லை. யாரும் உள்ளே வந்திருக்க முடியாது.

எட்டாவதைப் பார்த்தான். அதுவும் பெருத்திருந்தது. ஒன்பதாவது, அதைவிட.

அந்த இமேஜ் என்பது ஒரு முழுக் கணினிதான். விண்டோஸ், தமிழ் எழுத்துருக்கள், தேயிலை எடைக் கணக்கு போடும் மென்பொருள் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்தது. வேறொரு கணினியில் அதைத் திறந்தால், திரைக்குள் ஒரு சிறு சாளரத்தில் அந்தப் பழைய கணினி கண் விழித்துக்கொள்ளும். பிள்ளைகள் அதை என்ன பாடு படுத்தினாலும் கவலை இல்லை. அழித்துவிட்டு மறுபடி ஒரு நகல். ஃபேக்டரி ஆபீஸ்களில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று ஜஸ்டஸ் சொல்லிக்கொள்வான். கேட்டவர்களுக்கெல்லாம் பென் டிரைவில் போட்டும் கொடுத்தான். அது யாருடைய கணினி என்பதை மட்டும் சொன்னதில்லை.

ஓவேலிப் பக்கம் மேல்சோலை எஸ்டேட் ஃபேக்டரியில் ராஜகுமாரி உட்கார்ந்து டைப் அடித்த கணினி அது. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் ஆள். அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலை உலர்த்தும் ட்ரையரின் யூகலிப்டஸ் விறகு அடுப்பு. சுவரில் விரிசல். மழைச் சாரலுக்காக ஜன்னலை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். போன வருடம் ஆனி மாதம் ஒரு மத்தியானம், டீ கொண்டுபோன ஆள்தான் அவளைப் பார்த்தான். மேஜையிலேயே சாய்ந்திருந்தாள். உடம்பு ஆறிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் ரவிச்சந்திரன் ஜஸ்டஸைக் கூப்பிட்டனுப்பினார். விசாரணைக்கு வருகிறவர்கள் அந்தக் கணினியின் நகல் கேட்டிருந்தார்கள்.

"மூணு லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்குதுங்க அந்தப் புள்ள" என்றார் மேனேஜர். "செவுத்துல வெடிப்பு, பொகை வருது, ஆணியப் புடுங்குங்கன்னு. அது மூணும் இல்லாம ஒரு காப்பி போட்டுக் குடுத்துருங்க மாஸ்டர்."

ஜஸ்டஸ் மேஜைமேல் இருந்த கணினியைப் பார்த்தான்.

"பச்சை இலைக்கு வெலையே இல்ல. ஃபேக்டரி இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துட்டுக் கெடக்குது. இது வெளிய போச்சுன்னா நானூறு குடும்பம் தெருவுல நிக்கும். யோசிச்சுப் பாருங்க."

ஜஸ்டஸ் யோசித்துப் பார்த்தான். நானூறு என்ற எண் பெரியதாக இருந்தது. கடிதங்களை அழித்தான். அழித்த தடமும் தெரியாமல் துடைத்தான். எடுத்த நகலில் ஒன்றைத் தன்னிடமும் வைத்துக்கொண்டான். குளிருக்கு அவளே கரி அடுப்பு வைத்துக்கொண்டாள் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஆறே மாதத்தில் ஃபேக்டரியை எப்படியும் மூடிவிட்டார்கள்.

ஏழாம் நம்பர் கணினியில் இமேஜைத் திறந்தான். சாளரத்துக்குள் பழைய கணினி மெல்ல விழித்தது. வழக்கமான நீலத் திரை வரவில்லை. நேராக ஒரு கடிதம் வந்து நின்றது. வெளியே பேருந்து நிலையத்தின் ஹார்ன்களும் மழை ஓட்டில் விழும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தபோதே, அவற்றுக்கு அடியில், ஈர யூகலிப்டஸ் விறகு சரியாகப் பற்றாமல் புகையும் வாசனை அறைக்குள் பரவுவது போலிருந்தது. பக்கத்து டீக்கடை அடுப்பாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவன் படித்தான்.

'ஜஸ்டஸ் மாஸ்டர் அவர்களுக்கு, வணக்கம்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே கர்சர் துடித்தது.

அவள் எழுதியது மூன்று கடிதம். மூன்றும் மேனேஜருக்கு. இது நான்காவது.

எட்டாவது கணினியில் அதே கடிதம். கூடவே இன்னொரு வரி. 'தாங்கள் எடுத்த நகலில் ஜன்னல் திறக்கவில்லை.'

ஒன்பதாவதில் இன்னும் கொஞ்சம். அவன் உட்காரவில்லை. கணினிக்குக் கணினி நின்றபடியே நகர்ந்தான். பத்து. பதினொன்று. புகை வாசனை இப்போது தொண்டையில் இருந்தது.

பதினான்காவதில் கடிதம் முடிந்திருந்தது.

'எத்தனை நகல் எடுத்தீர்களோ அத்தனை அறையிலும் நான் இருக்கிறேன். எந்த அறையிலும் ஜன்னல் திறக்கவில்லை. இப்படிக்கு, ராஜகுமாரி.'

ஜஸ்டஸ் ஒவ்வொன்றாக அழித்தான். பதினான்கையும். பிறகு அலமாரியில் இருந்த மூல வட்டை எடுத்து வாசல்படியில் வைத்துச் செங்கல்லால் உடைத்தான். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்தபோது அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அந்த இமேஜ்ல வைரஸ் வந்துருச்சு. யார் யார் ஊட்டுக்குக் கொண்டுபோனீங்களோ, இப்பவே அழிச்சுருங்க."

எல்லோரும் பென் டிரைவை நீட்டினார்கள். மாலதி என்ற பெண் மட்டும் தயங்கி நின்றாள்.

"சார், என் தங்கச்சியோட கிளாஸ்மேட் ஒருத்திக்குப் போட்டுக் குடுத்தேன். கவர்மெண்ட் குடுத்த லேப்டாப்ல."

"யாருக்கு?"

"சரிதாவுக்குங்க சார். மேல்சோலை லயம். அவங்க அக்காகூடப் போன வருஷம்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மத்தியானம் ஜீப் பிடித்து ஓவேலி போனான். பாதையின் இருபுறமும் கவாத்து பார்க்காத தேயிலை ஆள் உயரத்துக்கு மண்டியிருந்தது. இலை பறிக்க ஆளில்லை, பறித்தாலும் வாங்க ஆளில்லை. மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, ஃபேக்டரியின் புகைக்கூண்டை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. வழி முழுக்க அவன் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். 'அம்மா, உங்க பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் அந்த லெட்டர அழிச்சேன்.' சொல்லிவிடலாம் என்றிருந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்றும் இருந்தது.

லயத்தில் கடைசி வீடு. ராஜகுமாரியின் தாய் தெய்வம்மா கதவைத் திறந்தாள். ஜஸ்டஸைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததுதான் அவனை முதலில் உலுக்கியது.

"வாங்க மாஸ்டர், உள்ளுக்கு வாங்க. நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

"சரிதா இல்லீங்களா?"

"இஸ்கோல் விட்டு இன்னும் வரல்ல. அதுவும் நல்லதுதான். அது இருந்தா இவ வரமாட்டா."

"யாருங்கம்மா?"

தெய்வம்மா உள்ளே நடந்தாள். ஒற்றை அறை. ஜன்னலில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. தரையில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் லேப்டாப் திறந்திருந்தது. மூலையில் இருந்த அடுப்பு அணைந்து சாம்பல் குளிர்ந்திருந்தது. ஆனாலும் அறையில் புகை மணத்தது. ஈர யூகலிப்டஸ்.

"மூணு நாளா வாரா" என்றாள் தெய்வம்மா, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. "எம் மவதான். எனக்குத் தெரியாதா? எழுதுறா, எழுதுறா, எழுதிக்கிட்டே இருக்கா. எனக்குத்தான் எழுத்து தெரியாதே. சின்னவகிட்டச் சொன்னா பயந்துக்கும். நீங்க படிச்சவுக. வாசிச்சுக் காட்டுங்க மாஸ்டர்."

அவன் மண்டியிட்டான்.

திரை நிறைய எழுத்து.

'அம்மாவுக்கு. நான் கரி அடுப்பு கொண்டுபோகவில்லை. புகை சுவரிலிருந்து வந்தது. மூன்று முறை எழுதிக் கேட்டேன். இதை இப்போது உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர்தான் அதை அழித்தார். ஏன் என்று அவரையே கேளுங்கள் அம்மா.'

தெய்வம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக, குளிருக்குத் தானே கரி அடுப்பு வைத்துச் செத்துப்போன பெண்ணின் தாய் என்று லயமே பேசிய பேச்சைச் சுமந்த முகம். அந்த முகத்தில் இப்போது ஓர் ஆசை. வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது.

பஜார் நினைவுக்கு வந்தது. போலீஸ். மனைவி. மாஸ்டர் என்று கூப்பிடும் ஊர்.

"'அம்மா, நான் நல்லா இருக்கேன்'னு எழுதியிருக்குதுங்க" என்றான். "'நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க. எனக்கு யார் மேலயும் வருத்தமில்ல.'"

கண் ஒன்றைப் படித்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

தெய்வம்மா நிறைந்திருந்த திரையை உற்றுப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"ரொம்ப நேரம் எழுதினாளே."

கர்சர் நின்றது. துடிக்கவில்லை. வெளியே எங்கோ கத்திக்கொண்டிருந்த கோழியும் நின்றது. புகை அடர்ந்தது. அவன் கண்கள் எரிந்தன. எழுந்து ஜன்னலைத் தள்ளினான். திறக்கவில்லை. கொக்கி இல்லை, ஆணி இல்லை. ஆனாலும் திறக்கவில்லை.

"அசந்துட்டா" என்றாள் தெய்வம்மா, பின்னாலிருந்து. "எழுதி முடிச்சா இப்படித்தான். கொஞ்சம் சாஞ்சுக்குவா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

விசைப்பலகையின் இடது ஓரத்தில் நாலைந்து விசைகள் அமிழ்ந்திருந்தன. பிறகு இன்னும் நாலைந்து. விரல் அழுத்துவதுபோல இல்லை. ஒரு பாரம் மெல்ல, முழுசாக, தன்னை இறக்கி வைப்பதுபோல. கன்னத்தின் அகலம். தாடையின் வளைவு. திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓட ஆரம்பித்தது.

தெய்வம்மாவின் கை விசைப்பலகைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், வெறுங்காற்றில் போய்ப் படிந்தது. அங்கேயே நின்றது. கீழே இறங்கவில்லை. பிறகு தடவத் தொடங்கினாள். விரல்கள் அகன்றன, கோதின, சிக்கெடுத்தன. அந்த விரல்களுக்கிடையில் ஏதோ பிரிந்து பிரிந்து விழும் மெல்லிய ஓசை அவனுக்குக் கேட்டது.

"நல்லா இருக்கேன்னு சொன்னியாமே, கண்ணு" என்றாள். "மாஸ்டர் வாசிச்சாரு."

ஓடிக்கொண்டிருந்த எழுத்து நின்றது.

இடது ஓரத்து விசைகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின.

வலது ஓரத்து விசைகள் அமிழ்ந்தன.

சுவரைப் பார்த்திருந்த தலை, தாயின் கைக்குக் கீழே, அவன் பக்கம் திரும்பிப் படுத்தது.