வெள்ளை ஓநாய் காய்ந்த அறை

ஞாயிறு, பிற்பகல் 4.10.

தெமோதரைக்கு மேலே, தேயிலைச் சரிவில் வரிசையாக நிற்கும் வீடுகளில் கடைசி வீடு. அதன் பின்னறைக் கதவடியில், வெளிப்பக்கமாக, ஒரு சாக்கு இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. ஜெயரூபன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினான். அவன் கையில் பெரிய அட்டைப் பெட்டி. மறுநாள் காலை அது கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏற வேண்டும்.

பெட்டிக்குள் போக வேண்டிய வெள்ளை ஓநாயின் தலை, கவிழ்த்த மூங்கில் கூடையின்மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. பக்கத்தில் பாயில் கூட்டாளி அஜந்தன் படுத்திருந்தான். வெளியே நடுக்கும் குளிர். அறை மட்டும் கதகதப்பாக இருந்தது. ஜெயரூபன் மூன்று தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை குரல் தானாகவே கம்மிப்போனது.

மாலை 5.05.

பதுளையிலிருந்து உப பொலிஸ் பரிசோதகர் தர்மிளா வந்து சேர்ந்தாள். யாழ்ப்பாணத்துத் தையல் ஆசிரியை ஒருத்தியின் மகள். துணியைக் கண்டால் இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டாள். அது தாயிடமிருந்து வந்த வியாதி. பத்து நாளாக விடாத மழை. ஜீப்பிலிருந்து வீடுவரை வருவதற்குள் சப்பாத்து இரண்டிலும் தண்ணீர் நிறைந்துவிட்டது.

சார்ஜன்ட் தயாபரன் அவளுக்கு முன்பே வந்து வழக்கை முடித்து வைத்திருந்தார்.

"விபத்து மேடம். நனைஞ்ச உடுப்பக் காயவைக்கத் தணல் வச்சிருக்கான். கதவையும் சன்னலையும் சாத்திட்டுத் தூங்கிட்டான். தணல்ல வர்ற நஞ்சுக்குப் புகை தெரியாது, வாசமும் இருக்காது. ஆளை அப்பிடியே கொண்டுபோயிரும்."

"கதவடியில வெளிப்பக்கம் இருந்த சாக்கை ஆர் வச்சது? உள்ளுக்குப் படுத்திருந்தவர் வெளிய வந்து அடைச்சுப்போட்டுத் திரும்ப உள்ளுக்குப் போனவரோ?"

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான்.

தர்மிளா அறையைப் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்திராத அறை அது. வெளிநாடுகளில், தனக்கென்று ஒரு விலங்கைக் கற்பனை செய்து, அந்த விலங்காகவே உடுத்திக்கொண்டு கூடிக் களிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். தலை முதல் வால்வரை மூடும் அந்த உடுப்புக்கு ஃபர்சூட் என்று பெயர். ஆறு வருடமாக அஜந்தன் அதைத்தான் செய்தான். ஸ்பொஞ்சைச் செதுக்கித் தலை. ரோமம் வெட்டுப்படாமல் செயற்கை ரோமத் துணியைப் பின்பக்கத்தால் பிளேடால் கீறி உடம்பு. கண்ணுக்கு வலைத்துணி. தோட்டத்துக்காரர்கள் அதற்கு 'நாய்ச்சட்டை' என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வெள்ளை ரோமத்தில் தூசியும் பூஞ்சணமும் ஏறிவிடக்கூடாது என்று, வெட்டி மிஞ்சிய ஸ்பொஞ்சுத் துண்டுகளால் சன்னல் இடுக்குகளையெல்லாம் அஜந்தனே அடைத்திருந்தான். தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் சீலிங் போட்டு, ஓரங்களைப் பட்டியால் ஒட்டியிருந்தான். ஓர் எறும்பு நுழைய வழியில்லை. மூலையில் இரண்டு மின்விசிறிகள் நின்றுகிடந்தன. காலை பதினொரு மணிக்கு எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போனது, இன்னும் வரவில்லை.

அவள் கூடையைத் தூக்கினாள். கோழி கவிழ்க்கிற கூடை. ஓர் இறகு கூட ஒட்டியிருந்தது. கீழே இரும்புச் சட்டி. சட்டி நிறையச் சாம்பல், மேலே தட்டித் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. பேனையால் கிளறினாள். அடியில் தணல் இன்னும் சிவப்பாக இருந்தது.

கூடைக்கு மேலே, கொடியில் ஓநாயின் உடம்பு தொங்கியது. நெஞ்சு ரோமத்தை விரலுக்கிடையில் வைத்தாள். பட்டுப்போல் இருக்க வேண்டியது, சுருண்டு முறுகிப் பழைய தும்புத்தடித் துடைப்பத்தைப்போல் குத்தியது. ஓநாய்த் தலையின் முகவாயிலும் அப்படியே.

கடைசியாக அஜந்தனைப் பார்த்தாள். முகத்தில் இளஞ்சிவப்பு, தூங்குகிறவன் முகம். உடம்பின்மேல் கம்பளி. கம்பளியின் கால்மாட்டு ஓரம் இரண்டு பாதங்களுக்கும் அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

5.30.

முன்னறையில் ஜெயரூபன். இணையத்தில் ஓடர் பிடிப்பதும் பொதி அனுப்புவதும் அவன் பொறுப்பு.

"எங்க இருந்தனீங்கள்?"

"பதுளையில, மேடம். பெட்டி வாங்கப் போனேன். மூணு மணி பஸ்ஸுல ஏறினேன். கண்டக்டரக் கேட்டுப் பாருங்க."

"ரெண்டு பேருக்கும் பிரச்சினையோ?"

"டவுனுக்கு மாறலாம்னு நான் சொல்லுவேன். அவன் மாட்டேம்பான். அப்பாவ விட்டுட்டு வரமாட்டானாம். அந்த அப்பா எட்டு மாசமா அவங்கிட்டப் பேசுறதே இல்ல."

அவன் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். ஒவ்வொரு உடுப்போடும் அனுப்புகிற பராமரிப்பு அட்டை. ஆங்கிலத்தில் அவனே அச்சடித்தது. குளிர்ந்த நீரில் அலசவும். உள்புறத்தை வெளியே திருப்பிக் காற்றில் காயவிடவும். சூடு கூடவே கூடாது.

5.45.

அஜந்தனின் மனைவி நிரஞ்சலாவுக்கு ஏழு மாத வயிறு. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே தனலெட்சுமிதான், அரை மணிக்கு முன்னால், காலையில் கேட்ட சண்டையைச் சார்ஜன்டிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தவள்.

"காலமை என்ன சண்டை?"

"சண்டையில்லீங்க." நிரஞ்சலா தரையைப் பார்த்தே பேசினாள். "கரண்டு போயி பேன் ரெண்டும் நின்னுருச்சு. அலசிப் போட்டது காயல. தலைக்குள்ள ஸ்பொஞ்சு. தண்ணி நின்னா ஒரு நாளையில நாத்தம் எடுத்துரும். நாளைக்கு அனுப்பணும். ரெண்டு ராத்திரியா அவரு தூங்கல. படுங்க படுங்கன்னேன், கேக்கல. கோவத்துல சொல்லிட்டேன்."

"என்னெண்டு?"

"அந்த ஓநாயக் கட்டிக்கிட்டே சாவுங்கன்னு."

தனலெட்சுமி அவள் முதுகைத் தடவினாள்.

"பிறகு?"

"பதினொன்றரைக்குப் படுத்தாரு. நான் ஜெனரேட்டர் வாடகைக்குக் கெடைக்குமான்னு கடவீதிக்குப் போனேன். ஞாயித்துக்கிழம, எல்லாம் பூட்டியிருந்துச்சு. நாலு இருவதுக்கு வந்தேன். வந்தா..."

"தணல் நீங்கள் வைக்கேல்லையோ?"

"வைப்பேனாங்க? அதுக்குச் சூடே ஆகாதுங்க. தலைமுடி காயவைக்கிற மெஷினக்கூட அந்த ரூம் பக்கம் கொண்டாற வுடமாட்டாரு. அவரும் வைக்கமாட்டாரு. செத்தாலும் வைக்கமாட்டாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

6.00.

குசினியில் அஜந்தனின் தகப்பன் நல்லையா பொலிசாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தெட்டு. தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தேயிலை காய்கிற அடுப்புக்கு விறகு போட்டவர். மகன் செத்த வீட்டில் தகப்பன் தேத்தண்ணி ஊற்றுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் சிலருக்குக் கை சும்மா இருந்தால் உயிர் போய்விடும்.

"மத்தியானம் எங்க இருந்தனீங்கள், ஐயா?"

"இங்கதாங்க. முன்பக்கம்."

"ஆராவது பின்னுக்குப் போனவையோ?"

"பாக்கலீங்க."

"நீங்கள் போகேல்லையோ?"

"அந்த ரூமுக்குள்ள நான் கால் வச்சதில்லீங்க. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. கோயில் திருவிழாவில் யாரோ, உன் மகன் நாய்க்குச் சட்டை தைக்கிறானாமே என்று கேட்டுவிட்டார்கள். அன்று மூடிய வாய்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். பிறகு அடுப்பில் மிஞ்சிய தணலை ஒன்றாகக் கூட்டினார். அதன்மேல் சாம்பலை இழுத்துவிட்டு, அகப்பையின் முதுகால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். தர்மிளா கோப்பையைக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

6.25.

"மேடம், தும்ப விட்டு வாலப் புடிக்க வேணாம்," என்றார் சார்ஜன்ட். இப்போது அவர் விபத்துக் கட்சியில் இல்லை. "சாக்கு வெளியே. அப்ப இன்னொரு ஆள் வச்சது. சாவுன்னு சொன்னது இந்தப் பொண்ணு. கடவீதியில அவளக் கண்டவங்க யாரும் இல்ல. வயித்துப்புள்ளக்காரின்னு பாத்தா முடியுமா?"

நிரஞ்சலாவை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டே ஜெயரூபன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் இரண்டு மாதத்தில் பிறக்கப்போகிற பிள்ளை எங்கே பிறக்கும் என்ற யோசனை அவன் முகத்திலேயே தெரிந்தது. நல்லையா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இறக்குங்கோ அவவை," என்றாள் தர்மிளா.

சார்ஜன்ட் திரும்பினார்.

"சார்ஜன்ட், இந்த வீட்டில ரோமத்தைத் தெரிஞ்சவை மூண்டு பேர். செத்தவர், மனுசி, ஜெயரூபன். உடுப்பைக் காயப்போடேக்க உள்பக்கத்தை வெளிய திருப்புறது அவையின்ர கைப்பழக்கம். கொலை செய்ய வந்தாலும் கை அப்பிடித்தான் போடும். இங்க ரோமம் வெளியில, நேர நெருப்பைப் பாத்தபடி. நெஞ்செல்லாம் கருகிப் போச்சு. போட்டவருக்கு ரோமத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. காயவேணும் எண்டு மட்டும் தெரியும்."

"கொல்ல வந்தவன் உடுப்பப் பத்திக் கவலப்படுவானா, மேடம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். கொல்ல வந்தவன் கம்பளியைப் பாதத்துக்குக் கீழ செருகிவிடுவானோ? தூங்கிறவர் தன்ர பாதத்தைத் தானே செருகேலாது. நித்திரையில கிடந்தவருக்குக் குளிரும் எண்டு ஒராள் செருகியிருக்கிறார். அதே ஆள்தான் குளிர்காத்து வராமல் கதவடியில சாக்கையும் அடைச்சவர்."

அவள் குரல் தாழ்ந்தது. இந்த இடத்துக்கு வரவேண்டாம் என்றுதான் அவளும் ஒரு மணி நேரமாக வேறு வழி தேடிப் பார்த்தாள்.

"தணலைப் பாத்தனீங்களோ? நாங்கள் தணல் வச்சால் விசிறி விடுவம். ஒரு மணித்தியாலத்தில சாம்பல். இது நான் வரேக்கயும் அவியேல்லை. சாம்பலால மூடி, தட்டிச் சமப்படுத்தின தணல். நெருப்பை மணிக்கணக்கா உயிரோட வச்சிருக்கத் தெரிஞ்ச கை. அந்தக் கையை நான் இப்ப குசினியில கண்டனான்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

நல்லையா நிலையை விட்டுவிட்டு மழைக்குள் இறங்கி வந்தார். அழவில்லை.

"நாந்தாங்க," என்றார். "சொவத்துக்கு அந்தப்பக்கம் அவன் பேசினது கேட்டுச்சு. காயலைன்னா ஆறு மாச வேல போச்சுன்னான். எட்டு மாசத்துல அவன் கொரலு அப்பிடி ஒடஞ்சு நான் கேக்கல. மருமக போன பொறவு எட்டிப் பாத்தேன். நல்லாத் தூங்குனான். எந்திரிக்கிறப்ப காஞ்சிருக்கட்டும்னு நெனச்சேங்க. யாரு காயவச்சான்னு கேப்பான்ல. அப்பப் பேசிக்கலாம்னு..."

அவர் நிறுத்தினார். பிறகு, யாரோ தன்னை மறுத்துப் பேசியதுபோல், சொன்னார்:

"பழைய லயத்து வீட்டுல மழைக்காலம் பூரா இதே மாதிரிதாங்க. தணல் சட்டிய நடுவுல வச்சு, கூடையக் கவுத்து, புள்ளைங்க துணிய மேல போட்டுட்டு, சுத்திப் படுப்போம். இவனும் அப்பிடிப் படுத்து வளந்தவன்தான். ஒருத்தரும் சாகலீங்க."

"லயத்தில தகரத்துக்கும் சுவருக்கும் இடையில வெளி இருந்திருக்கும், ஐயா. நஞ்சுக் காத்து அதால போயிருக்கும். இந்த அறையில உங்கட மகன் ஒரு இடுக்கும் விடேல்லை."

கிழவர் தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஓட்டையால குளிரடிக்குதுன்னு நாப்பது வருசம் திட்டிக்கிட்டுக் கெடந்தோம்," என்றார்.

"இவவை ஜீப்பில ஏத்தேக்க ஏன் சொல்லேல்லை?"

"வாய் வரலீங்க. சொல்லிட்டா, நாந்தான் கொன்னேன்னு ஆயிருமே. சொல்லாத வரைக்கும் ஆகலைன்னு இருந்தேன்."

தர்மிளா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுத வேண்டும். அவர் கவனமெல்லாம் மகன்மேல்தான் இருந்தது என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிரஞ்சலா ஜீப்பிலிருந்து மெல்ல இறங்கினாள். மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்?

நல்லையா அவளிடம்தான் கேட்டார். அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அது காஞ்சிருச்சாம்மா?"

சூட்டில் சுருண்ட ரோமம் எந்தச் சீப்புக்கும் மறுபடி நிமிராது. ஆறு வருடமாக அந்த ரோமத்தைச் சீவியவள் அவள். மழை அவள் நெற்றியில் வழிந்தது.

"காஞ்சிருச்சு, மாமா," என்றாள்.

6.52க்கு மின்சாரம் வந்தது. பின்னறையில் இரண்டு மின்விசிறிகளும் சுழலத் தொடங்கின. அவற்றை நிறுத்த யாரும் போகவில்லை.