மீன் மட்டும் நகரட்டும்

அன்று வாலுவின் வகுப்பு முழுவதும் கடல் பார்க்கப் போயிருந்தது. வாலு மட்டும் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். வீட்டில் எல்லோரும் அவனை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடலை இங்கேயே கொண்டுவருகிறேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். புரோகிராம் எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. பழைய கம்ப்யூட்டரில் கூழாங்கற்கள், பாசிகள், நடுவே ஒரு மஞ்சள் மீன். அம்மா அலுவலகத்திலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது அதைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்.

திரைச்சீலையை மூடியதும் அறை நீலமானது. கட்டிலை ஒட்டிய சுவரில் மீன் வந்தது. ஆனால் நீந்தவில்லை. ஒரு துள்ளு துள்ளியது, நின்றது, வெகுநேரம் யோசித்தது, மறுபடி துள்ளியது.

“ஏன்க்கா, மீனுக்கும் கால் உடைஞ்சிருச்சா?”

சிரித்தாலும் அவன் முகம் வாடிப்போனது. கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது, விட்டுவிடு என்றார் அம்மா. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் செய்வதைத் தானே செய்து பார்த்தால் என்ன? ஒரு தாளும் பென்சிலும் எடுத்தாள். காகிதத்தில் மீன் ஒன்றைக் கத்தரித்தாள். புரோகிராமில் தான் எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசிக்கும்படி வாலுவிடம் சொன்னாள். கல்லை வரை என்றான் வாலு; வரைந்தாள். பாசியை வரை, வரைந்தாள். மீனை நகர்த்து, விரலால் தள்ளினாள்.

“அப்புறம்?”

“திரும்ப முதல்லேருந்து. கல்லை வரை.”

வரைந்த கல்லின் மேலேயே மறுபடி கல் வரைந்தாள், பாசியின் மேல் பாசி. கை வலித்தது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

“கல்லு எங்கேயும் போகலையேடா, மீன்தானே போகுது. பாவம் கம்ப்யூட்டர், அதை ஒவ்வொரு தடவையும் மொத்தக் கடலையும் வரையச் சொல்லிப் படுத்தியிருக்கேன்.”

புரோகிராமில் கல், பாசி வரையும் வரிகளை, திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்கு வெளியே, முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவற்றை ஒருமுறை வரைந்தால் போதும். சுற்றுக்குள் மீனை நகர்த்தும் வரி மட்டும் இருந்தது.

மீன் கிளம்பியது. அவசரமே இல்லாமல், தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று தெரிந்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. புரொஜெக்டரை எடுக்க வந்த அம்மா, பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

வாலு வெளிச்சத்துக்குள் கையை நீட்டினான். மீன் அவன் விரல்கள் மேல் ஏறி இறங்கி நீந்திப் போனது.

அவன் கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டான்.