கட்டிலின் சுவர்ப்பக்கம்

அமிஹான் கையே வைக்காத இடத்தில் மரம் தேய்ந்திருந்தது.

வீடியோ கேமில் வரும் சாமான்களுக்கு வயசேற்றுவதுதான் அவள் பிழைப்பு; புத்தம்புதுப் பீப்பாய்க்குத் துரு, கதவுக்குக் கறை, நாற்காலிக்குப் பெயர்ந்த வண்ணம் என்று கணினியில் தீட்டித் தீட்டி நூறு வருஷப் பழசாக்கிவிடுவாள். இந்த முறை ஒரு குழந்தைக் கட்டில். கேசோன் சிட்டியில் புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டோடு ஒரு மரக்கட்டில் வந்திருந்தது. மகள் தாலா படுக்கும் அதையே பார்த்துப் பார்த்துத் தீட்டினாள். கை படாத இடம் தேயாது, அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் திரையில், சுவரை ஒட்டியிருக்கும் பக்கத்து மேல்கட்டையில், வழவழவென்று நான்கு பள்ளங்கள்!

முன்பக்கம் தீட்டியது பின்பக்கமும் விழுவதுண்டு, அந்தக் கோளாறோ என்று திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் சுத்தமாக இருந்தது. அழித்தாள். மூடித் திறந்தாள். இப்போது ஐந்து பள்ளங்கள். ஐந்தாவது, கட்டைவிரல்.

கூட வேலை செய்யும் ரெனாத்தோவைப் போனில் கூப்பிட்டாள். மரியாதைக்கு அவன் அவளுக்குக் கூயா, அண்ணன்; அவள் அவனுக்கு ஆத்தே, அக்கா.

"கூயா, என் ஃபைல்ல கை வச்சீங்களா?"

"எனக்கு என் பீப்பாயைத் துருப்பிடிக்க வைக்கவே நேரமில்ல ஆத்தே. ஏன்?" திறந்து பார்த்தவன் சிரித்தான். "அடேங்கப்பா! வருஷக்கணக்கா சுவத்துக்குள்ளேர்ந்து ஒருத்தன் கை நீட்டிக் கட்டிலைப் பிடிச்ச மாதிரியே இருக்கே! பேய் விளையாட்டுக்கு வேறென்ன வேணும்? அழிச்சுத் தொலைக்காதீங்க."

இவனுக்கு எல்லாமே வேடிக்கைதான் என்று எரிச்சலோடு போனை வைத்தாள். ஆனாலும் எழுந்து தாலா படுத்திருந்த அறைக்குப் போனாள்.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, ஈரச் சுண்ணாம்பும் சிக்குப் பிடித்த எண்ணெயும் கலந்த வாடை அடித்த அந்த மதிய இருட்டில், தாலா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம், அவ்வளவுதான். அமிஹான் நுழைத்தாள். தடவினாள்.

பள்ளம். இன்னொரு பள்ளம். பிசுபிசுப்பு.

மரம் சூடாக இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். இப்போதே.

"தாலா, எழுந்திருடி கண்ணு. வா, வெளிய போலாம்."

"கத்தாதே நானாய்," போர்வைக்குள்ளிருந்து அம்மாவை அழைக்கும் தூக்கக் குரல் வந்தது. "இவ்ளோ நேரம் நீதானே தடவிக் கொடுத்தே?"

அமிஹான் போர்வையை விலக்கினாள்.

மதியம் சோறு ஊட்டியபோது நன்றாக இருந்த முகம். இப்போது ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று மின்னியது. ரத்தமில்லை. காயமில்லை. அந்தப் பக்கம் புருவம் இல்லை. காதில் மடிப்பே இல்லை, வெறும் வழவழப்பு.

தாலா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பாதி உதட்டால்.