நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் காரைக் காணோம்

அந்த மார்ச் மாதம் இங்கிலாந்தின் செவர்ன் ஆறு ‘ஊமை அன்னம்’ விடுதியின் கீழ்த்தளத்தை வாடகை பேசாமலே எடுத்துக்கொண்டது. மாடியில் விடுதிக்காரரும், அவருடைய கோழிகளும், சங்கீத ருசியுள்ள ஒரு பன்றியும், இரண்டு விருந்தாளிகளும் ஒண்டியிருந்தார்கள். பன்றிக்குச் சங்கீத ருசி உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள், வானொலியில் நாட்டியப் பாட்டை நிறுத்தியதும் அது போட்ட சத்தத்தைக் கேட்டதில்லை.

விருந்தாளிகளில் ஒருவர் லெனர்ட் கிம்பர். ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காகக் காலமெல்லாம் துப்பு விசாரித்து, பொய் கேட்டுக் கேட்டு, காது பழுத்து ஓய்வு பெற்றவர். மற்றவர் பெர்சி டாட், பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவது போலவே உண்மையையும் பிடுங்கிவிடலாம் என்று நம்புகிறவர். ஆற்றில் மீன் பிடிக்க வந்த இடத்தில் ஆறு அவர்களைப் பிடித்துவிட்டது.

காலை உணவு முடிந்த நேரத்தில் மாடி ஜன்னலில் ஒரு துடுப்பு தட்டியது. டாட் ஓடிப்போய்த் திறந்தார். வெளியே, தட்டைப் படகில், ஆண்பிள்ளை மழைக்கோட்டு அணிந்த ஒரு நடுவயது அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எதிர்க் குன்றின் மேல் இருக்கும் பெரிய வீட்டுக்காரி, மிஸ் ஹானர் கேரோ.

கிம்பரின் பழைய தொழிலைக் கேள்விப்பட்டு வந்த அவள் சொன்ன சங்கதி இது. ஹேவர்சால் கம்பெனி உலகத்துக்குச் செய்து கொடுத்த முதல் கார் அவளுடைய அப்பா வாங்கியது. அந்தக் காரைக் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். எடுத்துப்போக லண்டனிலிருந்து சில்வெஸ்டர் போல் என்ற அதிகாரி வந்தார். வந்த கையோடு வெள்ளமும் வந்தது. குன்று தீவாகிவிட்டது. நேற்றுக் காலை கொட்டகையைத் திறந்தால் காரைக் காணோம். கொட்டகைச் சாவி வைத்திருப்பவர் டிரைவர் ஐவர் ப்ரிட்சர்ட் ஒருவர்தான். போல் அவரைக் குதிரைச் சாமான் அறையில் அடைத்துப் பூட்டிவிட்டார். தண்ணீர் வடிந்ததும் போலீஸ், பிறகு ஜெயில்.

“ஐவரை வெளியில கொண்டு வாங்க, மிஸ்டர் கிம்பர். எனக்கு அது போதும்” என்றாள்.

கிம்பர் ரொட்டியின் கடைசித் துண்டை மென்று முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

குன்றில் இறங்கியதும் டாட் ஒரு சுற்று நடந்து பார்த்தார். எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் பழுப்புத் தண்ணீர் வந்து நின்றது. நேற்று வரை தெரிந்த வேலிக்கம்பங்கள் இன்று தெரியவில்லை என்று போல் கடுகடுத்தார். கடிகாரச் சங்கிலியைச் சதா விரலில் சுற்றிக்கொண்டிருக்கும் மெலிந்த மனிதர். அவருடைய கருத்து எளிமையானது. டிரைவர் காரைத் தண்ணீருக்குள் இறக்கி ஒளித்திருக்கிறான், வெள்ளம் வடிந்ததும் எவனோ ஒரு கூட்டாளி வந்து இழுத்துப்போவான்.

“சேத்துல சக்கரத் தடமே இல்லையே சார்?” என்றார் டாட்.

“மழை பெய்யுதே, தெரியலையா?”

டாட் படகை எடுத்துக்கொண்டு குன்றைச் சுற்றிலும் நீளக் கழியால் தண்ணீரைக் குத்திப் பார்த்தார். அகப்பட்டவை ஒரு கலப்பை, ஒரு குளியல் தொட்டி, உயிரோடு இருந்த, கோபக்கார விலாங்கு மீன் ஒன்று.

கிம்பர் குதிரைச் சாமான் அறையின் கதவிலிருந்த சிறு துவாரம் வழியாக ஐவரோடு பேசினார். உள்ளே இருட்டு. வேல்ஸ்காரரின் வெள்ளை மீசை மட்டும் தெரிந்தது.

“நான் எடுக்கலை சார். அதுக்கு மேல கேக்காதீங்க.”

“கேக்கலை. உள்ள குளிருதா?”

“கணப்பு இல்லாத ரூம் சார். குதிரைங்களே புகார் பண்ணும்.”

பிறகு, இப்போது பூட்டாமல் கிடந்த கொட்டகைக்குப் போனார்கள். கல் பாவிய நீண்ட இடம். நடுவில் கார் நின்ற இடம் காலியாக, எண்ணெய்க் கறையோடு இருந்தது. மூலையில் தரை வரை தொங்கும் பெரிய போர்வைத் துணிக்குள் ஏதோ ஒன்று. கூரை உயரமாக, இருட்டாக இருந்தது. அதிலிருந்து ஒரு தூக்குச் சங்கிலி தொங்கியது. சீமெண்ணெய் நாற்றம் லேசாக அடித்தது.

போல் ஹேவர்சால் பெருமையை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் கம்பெனி அடிச்சட்டமும் எஞ்சினும் அதை மூடும் மூக்கும் மட்டும்தான் செய்து தரும். ஆட்கள் உட்காரும் மேல் உடம்பைப் பணக்காரர்கள் வேறு பட்டறையில் தங்கள் ருசிக்குச் செய்துகொள்வார்கள். கேரோ குடும்பம் இரண்டு உடம்பு வைத்திருந்தது. கோடைக்குத் திறந்த வெள்ளி உடம்பு, குளிருக்கு மூடிய கறுப்பு உடம்பு. பருவம் மாறினால் திருகாணிகளைக் கழற்றி, சங்கிலியால் தூக்கி மாற்றிக்கொள்வார்கள். எஞ்சினோ அப்படியொரு அமைதி. ஓடுவது தெரியாமல் ஒரு பாதிரியார் உள்ளே ஏறித் தூங்கி, எங்கேயோ ஹியர்ஃபோர்டு ஊரில் விழித்தாராம். வெள்ளி உடம்போடு அதைக் கண்ணாடிக் கூடத்தில் வைப்பதுதான் திட்டம்.

“இந்தப் போர்வைக்குள்ள?” என்று கேட்டுக்கொண்டே டாட் பக்கவாட்டில் ஓரத்தைத் தூக்கினார். கறுப்புக் கதவும் ஜன்னல் கண்ணாடியும் தெரிந்தன.

“குளிர்கால உடம்பு. ரொம்ப வருஷமா அங்கதான் கெடக்கு” என்றாள் மிஸ் கேரோ.

போர்வையின் முன்பக்கம், கொஞ்சம் தாழ்ந்த மேட்டில், பழுப்புப் பூனை ஒன்று சுருண்டு தூங்கியது. டாட் தடவிக்கொடுத்தார். அது கண்ணைத் திறக்கவில்லை. கிம்பர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மனுஷன் ஜெபம் பண்ணுகிறார் என்று டாட் எண்ணி, மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்.

சாப்பாட்டு அறைக் கூரை மழையில் ஒழுகியதால் மதிய உணவு முன்கூடத்தில். மரக்கால்களின் மேல் பலகை போட்ட மேசை. முயல் குழம்பும் வேகாத உருளைக்கிழங்கும். கிம்பர் முட்கரண்டியைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்து, சற்று நேரம் மேசைக்கு அடியிலேயே தங்கினார். எழுந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மரக்கால்களின் தலையில் எதற்குத் தடித்த கம்பளி சுற்றியிருக்கிறது என்று மட்டும் டாட்டிடம் மெதுவாகக் கேட்டார். பலகைக்கு வலிக்கக்கூடாது என்பதற்காக இருக்கும் என்றார் டாட்.

சாப்பிட்டு முடித்ததும் கிம்பர் எல்லோரையும் கொட்டகைக்கு வரச்சொன்னார். ஐவரும் வரவேண்டும் என்றார். போல் மறுத்தார். ஓடிப்போக உலர்ந்த இடம் ஏது என்று கிம்பர் கேட்டதும் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். ஐவர் வந்து சுவரில் சாய்ந்து நின்றார். கைகளை அக்குளில் இடுக்கியிருந்தார். போர்வைப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

“மிஸ்டர் போல், உங்க கம்பெனி செய்யுறது அடிச்சட்டம், எஞ்சின், மூக்கு. உடம்புப் பட்டறைக்காரன் மூக்கு செய்ய மாட்டான், இல்லையா?”

“மாட்டான்.”

“அப்போ கழட்டி வெச்ச உடம்புக்கு முன்னால மூக்கு இருக்காது. வெறும் காத்துதான் இருக்கும்.” கிம்பர் பூனையைக் காட்டினார். “இது எதுமேல படுத்திருக்கு?”

டாட்டுக்குத் தலையில் யாரோ சுத்தியலால் தட்டியது போல இருந்தது. ஓடிப்போய்ப் போர்வையின் முன்பக்கத்தை உருவினார். பூனை சபித்துக்கொண்டே குதித்தது. ஹேவர்சாலின் முதல் மூக்கு, பித்தளை பளபளக்க, அவர் முகத்துக்கு நேரே நின்றது. அடியில் நான்கு சக்கரங்கள்.

“வெள்ளி உடம்பு?” போலின் குரல் கீச்சிட்டது.

“அண்ணாந்து பாருங்க. சங்கிலி முனையில துணி சுத்தித் தொங்குது. கறுப்பு உடம்பு இத்தனை வருஷமா படுத்திருந்த கம்பளி மரக்கால்மேலதான் நாம இன்னிக்கு முயல் சாப்பிட்டோம். அதுங்களுக்கு இங்க வேலை போயிடுச்சு. சேத்துல தடம் ஏன் இல்லைன்னா, வண்டி இந்தக் கூரையை விட்டே போகலை.”

போல் ஐவர் பக்கம் விரலை நீட்டினார். சாவி வைத்திருந்தவன், சங்கிலி இழுக்கத் தெரிந்தவன், வேறு யார்?

கிம்பர் மூக்கின் மேல்மூடியைத் தூக்கினார். எஞ்சினுக்குப் பக்கத்தில் தட்டையான சிறு சீமெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் இருக்கப் பழைய கார்க்காரர்கள் வைக்கும் விளக்கு.

“திருடன் இதை ஏத்த மாட்டான். இந்த வண்டிமேல உசிரா இருக்குறவங்களுக்குத்தான், ஒளிச்சு வெச்ச இடத்துலகூட இது குளிர்ல கெடக்குதேன்னு தாங்காது. பூனைக்கும் அதான் இதமா இருந்துச்சு. ஐவரை நேத்துக் காலையிலயே பூட்டிட்டீங்க. இது அதுக்கப்புறம் எண்ணெய் ஊத்தின விளக்கு, கிண்ணம் நெறஞ்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கிட்ட வந்தவங்க ஐவரை மீட்டுத் தரச் சொன்னாங்க. காரைத் தேடித் தரச் சொல்லவே இல்லை.”

மிஸ் கேரோ மறுக்கவில்லை. ஐவர் தூங்கும்போது சாவியை எடுத்ததைச் சொன்னாள். அப்பாவுக்குக் கூடமாட நின்று சின்ன வயதிலிருந்தே உடம்பு மாற்றிப் பழகிய கை. எண்ணெயை வடித்து, கட்டைமேல் ஏற்றி, கயிறு கட்டி, இனி ஒருபோதும் ஓடாமல் வைப்பார்கள் என்று போல் சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்ன அன்றைக்குத்தான் முடிவு செய்தாளாம். ஐவர் மேல் பழி விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த பிறகு, உண்மையைச் சொன்னால் கார் போகும், சொல்லாவிட்டால் ஐவர் போவார். தண்ணீரோ எந்தப் பக்கமும் வழி விடவில்லை.

“உங்களுக்குத் தெரியுமா, ஐவர்?” என்றாள்.

“கொட்டகையைத் திறந்தப்பவே சீமெண்ணெய் வாசனை வந்துச்சு, மிஸ்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்.” குரல் உயரவில்லை. “விளக்கு அணையாம பாத்துக்கிட்டீங்க. எண்ணெய் ஊத்த நீங்க போறதும் வர்றதும் என் கதவுக்கு வெளியதான். காலடிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரு கப் டீ கொண்டாரத் தோணலை.”

அந்தப் பெண்மணியின் முகத்தை டாட் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். எத்தனையோ பேருக்கு மயக்க மருந்தில்லாமல் பல் பிடுங்கியவர் அவர்.

மிஸ் கேரோ குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். தண்ணீர் வடிந்ததும் எடுத்துப்போங்கள் என்று போலிடம் சொன்னாள். போல் ஐவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆளைச் சட்டவிரோதமாகப் பூட்டி வைப்பதற்கு என்ன தண்டனை என்று கிம்பர் டாட்டிடம் யதார்த்தமாக விசாரித்துக்கொண்டிருந்ததால், மன்னிப்பு இன்னும் நீளமாக வந்தது.

விடுதிக்குத் திரும்பப் படகை ஐவரே தள்ளினார். தன் துணிமூட்டையையும் படகில் வைத்துக்கொண்டார். மிஸ் கேரோ தண்ணீர் விளிம்பு வரை வந்தாள். காலணிக்குள் தண்ணீர் ஏறியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“திரும்பி வருவீங்களா, ஐவர்?”

அவர் கழியை ஊன்றி, படகைக் கரையிலிருந்து விலக்கினார்.

“தண்ணி வடியட்டும், மிஸ். நடந்து வர்ற மாதிரி இருந்தா, அப்போ யோசிக்கிறேன்.”