ஒச்சப்பன் வாசலில் பாதாள ரயில்

விடிகாலை அலறல் பூ மார்க்கெட் வரை கேட்டது!

தெருமுனையில் ஒரு சுண்ணாம்பு வட்டம். அதற்குள் குப்புறக் கிடந்தார் இஞ்ஞாசி. கல்கத்தா பாதாள ரயிலில் டிக்கெட் கொடுத்து ரிட்டயராகி, திண்டுக்கல்லுக்குத் திரும்பியவர். மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் ரத்தம் தோய்ந்த மரப் பலகை.

இன்ஸ்பெக்டர் ஜமால் முகமது திருப்பிப் பார்த்தார்.

'எங்கள் தெருவுக்குப் பாதாள ரயில் நிலையம் கொண்டுவந்த அண்ணன் ஒச்சப்பன் வாழ்க!'

"பேரு எழுதின போர்டாலயே அடிச்சிருக்கான்யா! எங்க அந்த அண்ணன்?"

கூட்டம் விலகியது.

அடுத்த தெருப் பிரமுகர் ஒச்சப்பன்! கஞ்சி போட்ட வேட்டி. சட்டையில் ரத்தத் தெறிப்பு. ஓடவில்லை... ஓடுவது கௌரவக் குறைச்சல்!

"ஆமா சார். நான்தான்!"

"எதுக்குய்யா?"

"சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டே ஊருக்குள்ள நடந்தாரு. என்னண்ணேன்னு கேட்டேன். பாதாள ரயில் போற ரூட்டுன்னாரு. எங்க வாசல்ல வட்டம். ஸ்டேஷன்னாரு!"

"நம்பிட்டியாக்கும்?"

"தெருவே நம்புச்சு! மகளுக்கு இன்னிக்குப் பூ வைக்க வாராக. நம்ம வாசல்லயே ரயில் ஏறலாம்னு சம்பந்திகிட்டச் சொல்லிட்டேன். காலையில போர்டு மாட்ட வந்து பாத்தா... வட்டத்தை அழிச்சு இங்க போட்டுக்கிட்டு இருக்காரு! என் மானம் என்ன ஆகுறது? திரும்ப மாத்துங்கன்னேன்... சிரிச்சாரு சார்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். இஞ்ஞாசியின் மனைவி செபாஸ்தியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கணவரின் விரல்களில் ஒட்டிய சுண்ணாம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா... இந்த ரூட்டுக்கு ஆர்டர் போட்டது யாரு?"

"டாக்டரு."

"என்னது?!"

"அவுகளுக்கு சுகரு. தினம் நடக்கச் சொன்னாரு." குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. "கல்கத்தாவுல, பூமிக்குள்ள எறங்க எனக்குப் பயம். லீவு அன்னிக்கு ரயில் போற வழிக்கு மேலயே, ரோட்டுல, என்னையக் கூட்டிக்கிட்டு நடப்பாக. கீழ இந்த ஸ்டேஷன், கீழ அந்த ஸ்டேஷன்னு சொல்லிக்கிட்டே வருவாக. இங்கயும் அப்பிடி ஒண்ணு போட்டுக்கிட்டோம். கேக்கிறவுககிட்ட ரயிலுன்னு வெளையாடுவாக."

"இந்த வட்டம்?"

"கால் வலிச்சா செத்த உக்காருற எடம். இன்னிக்கு நான் வரலைன்னுட்டேன்."

ஒச்சப்பன் பாய்ந்தான்.

"அப்ப எங்க வாசல்ல இருந்து ஏன் மாத்துனாரு?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒங்க நாயி எங்கள உக்கார விட மாட்டேங்குது அப்பு."



ஒச்சப்பன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான்.

"சார்... அப்ப ரயிலு வராதா?"

"வராதுண்ணே." விலங்கை மாட்டினார் ஜமால் முகமது. "ஆனா சம்பந்திகிட்டச் சொன்ன சொல்லு தப்பக்கூடாதுல்ல? ஜீப்பை ஒங்க வாசலுக்கே கொண்டுவரச் சொல்றேன்... ஏறிக்கங்க!"