லிசான்ட்ராவுக்குள் போக வேண்டிய படகு

காலை ஆறரை மணி. மிதவை இருந்தது. படகு இல்லை.

நெரெய்தா திராதோ, துறையின் நுனியில் நின்று கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். நேற்று மாலை அவள் தன் கையால் மிதவையில் கட்டிவைத்த ஆரஞ்சு நிறப் படகு. அதில் ஆள் ஏற இடமே கிடையாது. மேலே சூரியத் தகடுகள், நடுவில் விறைப்பான ஒற்றைப் பாய், உள்ளே காற்றையும் அலையையும் கடலின் சூட்டையும் அளக்கும் கருவிகள். தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த லிசான்ட்ரா சூறாவளிக்குள் புகுந்து, உள்ளே நடப்பதை அங்கிருந்தே சொல்ல வேண்டிய படகு அது. நண்பகலில் துறையை மூடிவிடுவார்கள். அதற்குள் பவளத்திட்டைத் தாண்டி இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லிசான்ட்ரா அளக்கப்படாமலே கரைக்கு வந்துவிடும்.

ஏழே காலுக்குக் கடற்காவல் சார்ஜென்ட் இவெலிஸ் கீலேஸ் வந்தாள். போர்ட்டோ ரிகோவின் தென்கரை முழுக்க அவளுடைய சரகம். ரப்பர் படகில் போய் மிதவையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டியிருந்த கயிறு அறுபடவில்லை. வட்டமாகச் சுருட்டி மிதவையின் வளையத்தில் மாட்டப்பட்டிருந்தது.

கரைக்கு வந்தவளிடம் நெரெய்தா கைபேசியை நீட்டினாள். படகு அனுப்பிய கடைசிச் சேதி: பாய் படுத்த நிலையில். அதன்பிறகு சத்தமே இல்லை.

"உடைச்சுட்டாங்க மேடம்," என்றாள். "ரெண்டு வருஷம் இதுக்காகத்தான் உழைச்சேன்."

படகுத் திட்டத்தின் தலைவர் கெஸ்லர் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்தவர். அவர் கையில் திருடன் தயாராக இருந்தான். மீனவன் ஃபீத்தோ அயாலா. போன மாதச் சோதனை ஓட்டத்தில் படகின் சுக்கான் அவனுடைய வலையைக் கிழித்திருந்தது. அந்தப் படகை அடுப்புக்கு விறகாக்காமல் விடமாட்டேன் என்று அவன் துறையில் நின்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது. இன்று விடியலில் முழங்கால்வரை கருஞ்சேற்றோடு எங்கிருந்தோ திரும்பியிருக்கிறான். வழக்குப் போடுங்கள் என்றார் கெஸ்லர். படகு கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு தீவுக்குப் போய்விடுவோம் என்றும் சொன்னார். இந்த ஊரிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்து அவர்களை இங்கே கூட்டிவந்தவள் நெரெய்தா. இது அவள் பிறந்த ஊர்.

ஃபீத்தோவைக் கூப்பிட்டார்கள்.

"விடியும்போது எங்க இருந்தீங்க?"

"வேலையா இருந்தேன்."

"எங்க?"

"அதை இன்னைக்குச் சொல்லமாட்டேன், சார்ஜென்ட். நாளை மறுநாள் கேளுங்க."

"உங்க படகு?"

"நல்லா இருக்கு."

துறையில் ஒரு படகுகூட இல்லை. இவெலிஸ் வெறும் தண்ணீரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஃபீத்தோவுக்கும் ஒரு புகார் இருந்தது. அவன் துறையின் தூணில் தொங்கவிட்டிருந்த இரண்டு பழைய டயர்களைக் காணவில்லை. காரோட டயர், நல்ல டயர், ஏழைங்க புகாரை மட்டும் யாரும் கேக்கறதில்ல என்று முணுமுணுத்தான். கெஸ்லர் சிரித்தார். எந்தத் தூணில் தொங்கின, எப்போது பார்த்தீர்கள் என்று இவெலிஸ் மட்டும் விவரமாகக் கேட்டாள். நேற்று இருட்டும்வரை இருந்தனவாம்.

எட்டு மணிக்கு, துறையோரம் பலகாரக் கடை வைத்திருக்கும், ஊரே மரியாதையாக ‘தோன்யா’ என்று கூப்பிடும் சொராய்தா காபியும் நண்டு வைத்துப் பொரித்த பலகாரமுமாக வந்தாள். அவளுடைய ரப்பர் பூட்ஸ் பலகைமேல் கறுப்பாகத் தடம் வைத்தது.

"சாப்பிடு மகளே. அழுதா வயிறு நிறைஞ்சிருமா?"

நெரெய்தா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். இவெலிஸ் காபியை வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குப் படகு இல்லையா தோன்யா?"

"ஈஸ்டருக்கே வித்தாச்சு. இந்தப் புயலுக்கு நான் காப்பாத்த வேண்டியது எண்ணெய்ச் சட்டி மட்டும்தான்."

ஒன்பது மணிக்கு இவெலிஸ் எல்லோரையும் பலகாரக் கடையின் முன்னால் நிற்கவைத்தாள்.

"இது திருட்டு இல்ல," என்றாள். "திருடன் கயித்தை அறுப்பான். அப்படியே அவுத்தாலும், அடுத்த படகோட மோட்டார் விசிறியில சிக்கக்கூடாதுன்னு சுருட்டி மாட்டிட்டுப் போகமாட்டான். நெரெய்தா, படகு கவுந்தாலும் பாய் படுத்ததுன்னுதான் சேதி வருமா?"

"இல்ல... அதுக்கு வேற சேதி." நெரெய்தா யோசித்தாள். "லாரியில ஏத்தும்போது பாயைப் பிடிச்சிருக்கிற ஊசியை உருவி மடக்குவோம். அப்பதான் இது வரும். சேதி அனுப்பற ஆன்டெனாவும் பாயோட சேர்ந்து கீழ படுத்துடும், அதனாலதான் அப்புறம் சேதியே இல்ல."

"அப்ப உடைக்கல. யாரோ பொறுமையா மடக்கியிருக்காங்க. நேத்து சாயங்காலம் நீங்க விரிச்சதை இங்கிருந்து பாத்த யாரோ."

கெஸ்லர் ஃபீத்தோவின் முழங்காலைக் காட்டினார்.

"இந்த ஊர்ல இன்னைக்கு எல்லார் கால்லயும் அதே சேறுதான் சார். துறையில படகு இல்லையே, ஏன்னு யோசிச்சீங்களா?"

புயல் வருகிறதென்றால் அந்தக் கரையில் எந்தப் படகும் வெளியே நிற்காது. அலையாத்திக் காட்டின் கருஞ்சேற்று வாய்க்காலுக்குள் கொண்டுபோய், பாய்மரத்தைப் படுக்கவைத்து, வேருக்கும் படகுக்கும் நடுவில் டயரைத் தொங்கவிட்டு, நாலு பக்கமும் கட்டுவார்கள். சொந்தக்காரன் ஊரில் இல்லாவிட்டால் பார்த்தவர் கட்டுவார். புயல் கடந்து போகும்வரை கட்டிய இடத்தை வாயால் சொல்லமாட்டார்கள். மோட்டார் திருடர்களுக்குப் பயந்து ஒரு பக்கம்; சொன்னால் காற்றுக்குக் கேட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். ஃபீத்தோ வாயைத் திறக்காததும் அதனால்தான்.

"ஆனா, படகே இல்லாத ஒருத்தர் பூட்ஸ்லயும் அந்தச் சேறு இருக்கு," என்றாள் இவெலிஸ். "தோன்யா சொராய்தா, நீங்கதான்."

எல்லோரும் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்கள். சொராய்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊர்ப் படகு ஒண்ணு வெளிய நிக்குது. கட்டினவ தூங்கப் போயிட்டா. பாத்துட்டு சும்மா போகச் சொல்றியா? அண்ணன் தோணியில கட்டி இழுத்துட்டுப் போனேன்."

"அப்ப என் டயரு?" என்றான் ஃபீத்தோ.

"அதுலதான் தொங்குது. புயல் போனதும் வாங்கிக்க, ஓடியா போகுது?"

நெரெய்தாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. தன்னுடைய கருவியை ஊரார் ஒரு படகாக நினைப்பார்கள் என்றுதான் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"தோன்யா, இது புயலுக்குள்ள போகும்னு உங்க கடையில வெச்சே சொன்னேனே."

"சொன்ன. பெருமைக்குச் சொல்றேன்னு விட்டுட்டோம். யாராவது நல்ல படகை வேணும்னே புயலுக்கு அனுப்புவாங்களா?"

"அனுப்பறதுக்குத்தான் இதைச் செஞ்சேன். நம்ம ஆளுங்க யாரும் அங்க போய் மாட்டிக்கக்கூடாதுன்னு."

சொராய்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். இடம் எங்கே என்று கெஸ்லர் கேட்டதற்கு அவள் வாய் திறக்கவில்லை.

"சொல்ல வேண்டாம்," என்றாள் இவெலிஸ். "முன்னால நடங்க, போதும்."

வேர்களுக்கு நடுவே படகு ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது. கட்டு அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு கயிறு. வெளித்தண்ணீருக்கு வந்ததும் நெரெய்தா பாயை நிமிர்த்தி ஊசியைச் செருகினாள். தன் படகையும் வெளியே எடுத்து, அதில் ஆரஞ்சுப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவன் ஃபீத்தோ. நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் பவளத்திட்டின் இடைவெளியைத் தாண்டி அவன் கயிற்றை விட, ஆரஞ்சுப் பாய் தானாகவே தெற்கே திரும்பியது.

மறுநாள் பிற்பகல். ஊர் முழுவதும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. லிசான்ட்ராவுக்குள் அந்தப் படகு மூன்று முறை புரண்டு மூன்று முறையும் நிமிர்ந்திருந்தது. கடல் எல்லோரும் நினைத்ததைவிடச் சூடு என்று அது சொன்னது. அதைவைத்து வானிலைக்காரர்கள் எச்சரிக்கையை ஒரு படி ஏற்றினார்கள். நகர மாட்டோம் என்று காலைவரை உட்கார்ந்திருந்த தாழ்ந்த தெருக்காரர்களும் மூட்டையோடு மேலே வந்து சேர்ந்தார்கள். நெரெய்தாவின் கணினியைச் சுற்றிக் கூட்டம். சொராய்தா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எண் வரும்போதும் பின்னாலிருப்பவர்களுக்கு உரக்கச் சொன்னாள்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஃபீத்தோவின் தோளைத் தட்டி, இதெல்லாம் யார் அங்கிருந்து சொல்வது என்று கேட்டார்.

"எங்க ஊர்ப் படகு," என்றான் அவன். "மத்த எல்லாத்தையும் கட்டிவெச்சுட்டோம். அதை மட்டும் அவுத்துவிட்டோம்."